காற்றைக் கேட்டறியும் பட்டறை

கோயம்புத்தூரில் பழைய அம்பாசிடர்களுக்கு வேலை பார்க்கும் பட்டறை அது. வேறோர் இடத்தில் ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்ட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் உதறியது, மேட்டில் இழுக்கவில்லை. "லேத்காரர் போரைக் கெடுத்துட்டாருங்க, பிரிச்சுடுங்க" என்றார் காரின் சொந்தக்காரர். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "பிரிச்சுட்டா காத்து எங்க போகுதுன்னு கேக்க முடியாதுங்க" என்றார்.

சிலிண்டரில் அடைபடும் காற்று பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் தப்பும்: ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட். எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றினார். உதவிக்கு நின்ற தம்பி ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார். மிதிக்காவிட்டால் போதிய காற்று உள்ளே போகாது; அளவு பொய்யாகிவிடும். மூன்று சிலிண்டர்களில் கேஜ் 125, 130 பிஎஸ்ஐ காட்டியது. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 90. புது ரிங்குகள் ஹோனிங் கீறல்களில் தேய்ந்து படியும்வரை கம்ப்ரெஷன் சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் குறைய வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இங்கே ஒன்றே ஒன்று.

அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் பக்கம் கசிந்தால் ஆயில் இடுக்கை அடைத்து, கேஜ் நன்றாக ஏறும். முள் 95-ஐத் தாண்டவில்லை.

பிறகு அந்த பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றைப் பிளக் துளை வழியே ஏற்றினார். அங்கே இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஆயில் ஊற்றும் வாயில் லேசான மூச்சு மட்டும். எந்த இன்ஜினிலும் அவ்வளவு இருக்கும். ரேடியேட்டரில் குமிழி இல்லை. கார்புரேட்டரில் சத்தமில்லை. சைலன்ஸர் வாயில் 'உஸ்' என்று தெளிவாகக் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு! டாப்பெட் இறுகியிருந்தாலும் வால்வு முழுதாக மூடாது என்பதால் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார். இடைவெளி சரியாக இருந்தது. அதன் பிறகுதான் ஹெட்டைக் கழற்றினார்.

வால்வில் நீலச்சாயம் தடவி, அது உட்காரும் சீட்டில் ஒற்றியபோது வளையம் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. சீட் வெட்டும் கட்டர், வால்வு கைடின் துளையைப் பிடித்துக்கொண்டே சுழலும். கைடு தேய்ந்திருந்தால் கட்டர் ஆடும். சீட் மையம் விலகும். கைடை மாற்றிவிட்டுத்தான் சீட் வெட்ட வேண்டும். ரீபோரோடு சீட்டும் வெட்டியபோது, செலவு கூடும் என்று பழைய கைடுகளையே விடச் சொன்னது தாம்தான் என்று சொந்தக்காரர் ஒப்புக்கொண்டார்.

சிலிண்டர் சுவரில் ஹோனிங் கீறல்கள் சீராக இருந்தன. "போர் சுத்தமா வந்திருக்குங்க. லேத்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் மேஸ்திரி.

கண்ணில் படாத ஒரு தொழிலாளியின் பெயரை அந்தச் சோதனைகள் காப்பாற்றின. நல்ல பிஸ்டனையும் ரிங்கையும் வீணே பிரிக்காமல் தடுத்தன. ஆனாலும் நம் பட்டறை பில்களில் உதிரிபாகத்துக்கும் மாட்டும் கூலிக்கும் இருக்கும் இடம், கோளாறு கண்டுபிடித்ததற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. கண்டுபிடித்த கூலியைத் தனியாக எழுதுங்கள் என்று மேஸ்திரிகளையும், பேரம் பேசாமல் கொடுங்கள் என்று வண்டிக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் மிகக் கடினமான பகுதி கோளாறைக் கண்டுபிடிப்பதுதான்.