மாத்திரை அட்டையை நான் ஒளித்து வைத்தேன்

என் மகள் மாத்திரையைத் தின்றுவிட்டாள் என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அறியாமை என்று சொன்னால் என்னை மன்னித்துவிடுவார்கள். அது அறியாமை இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தைக்குச் சர்க்கரை. மரக்காணம் அளத்தில் உப்பு வாருகிறவர். விடியும் முன்னே போனால் வெயில் ஏறியதும் திரும்புவார், காலெல்லாம் வெடித்திருக்கும். முன்பெல்லாம் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்பார். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீடு தேடி வந்தது. அதை வாங்கி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது என் பொறுப்பு. நான் பாய்க்குப் பக்கத்தில் இருந்த மர ஸ்டூலின் மேல் வைத்தேன். பல நாளாக அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வயதுப் பிள்ளை. அட்டையில் இரண்டு குழி கிழிந்திருந்தது, உதட்டோரம் வெள்ளைத் தூள். பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆனால் அந்த நொடியில் மனசில் முதலில் வந்தது பிள்ளை இல்லை. "ஒரு மாத்திரையைப் பத்திரமா வைக்கத் தெரியல, இவ எல்லாம் ஒரு தாயா" என்று நாலு பேர் பேசப்போவதுதான் வந்தது. அட்டையைக் குப்பைக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு ஒரு பிடி உப்பைத் தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன். விஷத்துக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கக்கினாள். வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உப்புக் கரைசல் ஒரு சின்னக் குழந்தையின் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி மூளையைத் தாக்கும், அதனாலேயே உயிர் போயிருக்கிறது என்று பின்னால் டாக்டர் சொன்னபோது என் கை நடுங்கியது. எங்கள் ஊரில் எந்த வீட்டில் உப்புக்குப் பஞ்சம்? இன்றைக்கும் எத்தனை அம்மாக்கள் அதைத்தான் கரைப்பார்கள்?

ராத்திரி வீட்டுக்காரர் கேட்டார், "இன்னா, புள்ள சோந்து கெடக்குது?" "வெயில்ல ஆடினா, அதான்" என்றேன். சாப்பிடாமல் தூங்கினாள். தூங்கட்டும் என்று விட்டேன். எல்லாவற்றிலும் பெரிய கேடு அதுதான். அத்தை சாப்பிடும் வகைச் சர்க்கரை மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அப்படித்தான். பெரியவருக்கு அளவான மாத்திரை ஒன்றே போதும், பிள்ளையின் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். உடனே போகாது. சில மணி நேரம் நன்றாக விளையாடும் பிள்ளை அதன்பிறகு சரியும். வெறும் வயிறு என்றால் இன்னும் மோசம்.

நடுராத்திரி தொட்டுப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, உடம்பு ஜில்லென்று இருந்தது. எழுப்பினால் எழவில்லை. பிறகு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல யாராவது சர்க்கரை மாத்திரை சாப்பிடறாங்களா?" என்பதுதான். வீட்டுக்காரரும் அத்தையும் பக்கத்தில் நின்றார்கள். "தெரியல சார்" என்றேன். என் வாயால் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்துச் சர்க்கரை அளவைப் படித்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், கண் திறந்தாள். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு விடவில்லை. மருந்து உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்குமாம். விடிய விடிய குத்திக் குத்திப் பார்த்தார்கள். பிழைத்தாள். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

நான் மறைத்ததை நினைக்கும்போது வேறு சாவுகளும் நினைவுக்கு வருகின்றன. 2023 மே மாதம் இதே கரையில், எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயத்துக்கு மரக்காணம் பக்கம் மட்டும் 14 பேர் செத்தார்கள். மெத்தனாலும் உடனே காட்டிக்கொடுக்காது. குடித்தவர் வீடு வந்து படுப்பார், மணிக்கணக்கு கழித்துத்தான் வாந்தியும் மூச்சிரைப்பும் கண் மங்கலும் வரும். திருட்டுச் சாராயம் குடித்தேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்கே வரவில்லையே. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். அந்தத் தாய்மாருக்கு மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் தலை குனிகிறேன்.

இதைப் படிக்கிற தாய்மாருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை மாத்திரை தின்றது என்று சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்கூட அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் ஈரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் காப்பாற்றும். உப்பு, புளி, சோப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போய், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.