ஓடிபி சொல்லுங்க

வண்டி வாங்கப் போன அன்று ஷோரூமில் இருந்த பையன் என்னிடம் எல்லாம் கேட்டான். ஆதார், பான் கார்டு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், இரண்டு போட்டோ. எல்லாமே என்னுடையவை. கடன் என் பெயரில். மாதத் தவணை என் சம்பளத்தில். கடைசியாக, "ஆப்ல ரிஜிஸ்டர் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்து, "சார், உங்க நம்பர் சொல்லுங்க" என்றான். அவர் சொன்னார். அவர் போனுக்கு ஓடிபி வந்தது. அதையும் சொன்னார். நான் அப்போது சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் நுழையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அரை நிமிடத்தைத் திருத்த எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஆதம்பாக்கத்தில் வீடு, தேனாம்பேட்டையில் அலுவலகம். போகவர இருபது கிலோமீட்டர். அதுவரை பேருந்தும் ஷேர் ஆட்டோவும்தான். "உனக்கெதுக்குப் பெரிய வண்டி? லைசென்ஸ் கேக்காத வண்டி இருக்கே" என்றார் கணவர். கடைக்காரப் பையனும் முதலில் அதைத்தான் காட்டினான். 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். "லேடீஸ் நிறைய பேர் இதைத்தான் மேடம் எடுக்கறாங்க. காய்கறி வாங்க, குழந்தையை ஸ்கூல்ல விட."

நான் காய்கறி வாங்கப் போகவில்லை. கிண்டியில் மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது 25 கிலோமீட்டரில் போகிறவளுக்கு என்ன பாதுகாப்பு? அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட வண்டி, அவள் எவ்வளவு தூரம் போவாள், எந்தத் தெருவில் போவாள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. எல்.எல்.ஆர். போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மைதானத்தில் மகளோடு பழகினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் நின்று, முதல் தடவை காலை ஊன்றிவிட்டு, இரண்டாம் தடவை எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து நம்பர் பிளேட்டோடு வண்டி வீட்டுக்கு வந்தது.

முதல் சில வாரங்களின் சந்தோஷத்தைச் சொல்லாமல் போனால் வண்டிக்குச் செய்யும் துரோகம். சாவி திருப்பினால் சத்தமே வராது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற பைக்குகளைத் தாண்டிப் போய்விடும். அவர்களுக்குக் கோபம் வரும், எனக்குச் சிரிப்பு வரும். கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். சென்னை வெயிலிலும் மேம்பால ஏற்றத்திலும் எண்பதோடு நின்றது. எனக்கு அது போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரவில், கீழே பார்க்கிங்கில் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த பிளக் பாயிண்டில் மாட்டிவிட்டால் காலையில் முழுதாக ஏறியிருக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "நேத்து ராத்திரி மூணு யூனிட் ஏறியிருக்கு. மாசத்துக்கு முப்பது யூனிட். இப்படியே போனா இந்தத் தடவை ஐநூறு யூனிட்டைத் தாண்டி ரேட்டு மாறிடும்."

கணக்கு சரிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் விலை ஏறும். ஆனால், அதே இரண்டு மாதத்தில் படுக்கையறை ஏ.சி. எத்தனை யூனிட் இழுத்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால், லிட்டர் நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட தினம் ஐம்பது ரூபாய் ஆகியிருக்கும். மின்சாரத்தில் மாதம் முழுவதும் ஓட்டினாலும் இருநூறைத் தொடவில்லை. இதையெல்லாம் சொல்லி வாதாடி ஜெயித்தேன். அவருக்கு எப்படி யூனிட் கணக்கு தெரிந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, அலுவலகம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், நந்தனத்தில் திரும்பி, அடையாற்றுப் பாலம் தாண்டி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பேருந்தில் போன காலத்தில் நினைத்தே பார்க்காத காரியம். வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். சில நாள் படிப்பேன். சில நாள் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"கோட்டூர்புரத்துல என்ன வேலை?"

"லைப்ரரி" என்றேன். சட்டென்று, தயாராக இருந்தவளைப்போல.

"சொல்லவே இல்லையே. நாலஞ்சு வாரமா போற போல."

அன்று வீட்டுக்கு ஓட்டி வந்த பத்து கிலோமீட்டரும் எனக்கு வண்டியின் மேல் கோபமாக வந்தது. அவர் போனில் இருந்த ஆப்பில் எல்லாம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, வண்டி இப்போது எங்கே நிற்கிறது, நேற்று எந்த வழியில் போனது, எத்தனை மணிக்குக் கிளம்பியது. என் ஏழு மாதங்கள் அவர் பாக்கெட்டில் இருந்தன. அவர் தினமும் பார்த்தாரா, எப்போதாவது பார்த்தாரா, தெரியாது. பார்க்க முடியும் என்பதே போதுமானதாக இருந்தது.

அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. "லைப்ரரி" என்று சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நல்லவேளை, சொல்லிக்கொள்ளும்படியான இடத்தில் இருந்தோம் என்ற நிம்மதி. பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தால்? பழைய கல்லூரி நண்பனோடு காபி குடித்துக்கொண்டிருந்தால்? அதுவும் என் நேரம்தானே. இருபது வருடமாகச் சம்பாதிக்கிற ஒருத்தி, ஒரு மணி நேரத்துக்கு நல்ல காரணம் கையில் இருந்ததற்காகச் சந்தோஷப்படுகிறாள் என்றால் கூண்டு எங்கே இருக்கிறது?

என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த சைக்கிளிலேயே சேலையைச் சொருகிக்கொண்டு ஏறியவர்கள் நிறையப் பேர். அம்மாவும் அப்படித்தான். எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு நீள நோட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதுவார். அம்மா எடுக்கும்போது அப்பா பெயரைப் போட்டு, பக்கத்தில் 'வீட்டம்மா' என்று எழுதுவார். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்ற பிறகு ஒருநாள் அம்மா, "நோட்ட இங்க குடுங்கண்ணே" என்று வாங்கி, தானே தன் பெயரை எழுதினாள். பதினோரு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தது. நோட்டில் யார் பெயர் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எம்.காம். படித்த எனக்குத் தெரியவில்லை.

என் அலுவலகத்தில் ஒரு தோழி, 2018இல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியத்தோடு வண்டி வாங்கினாள். பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் அரசு கொடுத்தது. ஆர்.சி. அவள் பெயரில். ஓட்டுவது அவள் வீட்டுக்காரர். அவள் இப்போதும் கட்டணமில்லாப் பேருந்தில்தான் வருகிறாள். "ஆனா ஒண்ணு, பஸ்ல நான் எங்க இறங்குனேன்னு எவனுக்கும் மெசேஜ் போகாது" என்று சிரித்தாள், நான் இந்தக் கதையைச் சொன்னபோது. நானும் சிரித்தேன். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

"நம்பர் மாத்தணும்."

"பழைய நம்பருக்கு ஓடிபி வரும் மேடம். அதைச் சொன்னாத்தான் மாத்த முடியும்."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"ஆர்.சி. உங்க பேர்லதான். அக்கவுண்ட் சார் பேர்ல."

ஆக, அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்துவதற்கும் அவரிடம்தான் அனுமதி வாங்க வேண்டும்.

என் கணவர் கெட்டவர் இல்லை. இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தாலும், அது உண்மை. கை நீட்டியதில்லை. சம்பளத்தைக் கேட்டதில்லை. "சேஃப்டிக்குத்தானே? வண்டி திருடு போனா? நீ எங்கயாவது மாட்டிக்கிட்டா?" என்றார். அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது. கவலைக்கு என்ன பதில் சொல்வது? காவல்துறையின் காவல் உதவி செயலி என் போனில் இருக்கிறது. ஆபத்து என்றால் அதில் பட்டனை அழுத்த வேண்டியது நான். எப்போது, யாரைக் கூப்பிடுவது என்பது என் கையில். அது பாதுகாப்பு. நான் கேட்காமலே, எனக்குத் தெரியாமலே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அதே பெயரை வைக்க முடியுமா?

"சரி, உங்க பைக்குக்கும் ஒரு ஜி.பி.எஸ். மாட்டுவோம். ஆப் என் போன்ல இருக்கட்டும்" என்றேன்.

"நான் எங்க போகப் போறேன்?"

"நான் மட்டும் எங்க போகப் போறேன்?"

இரண்டு வாரம் வீட்டில் தேவையான வார்த்தைகள் மட்டும் நடமாடின. மாமியார் ஊரிலிருந்து போன் செய்து, "என்னம்மா, ஒரு நம்பருக்காடி சண்டை?" என்றார். ஆமாம் அத்தை, ஒரு நம்பருக்குத்தான். நான் வண்டியை எடுக்காமல் பேருந்தில் போய் வந்தேன். தவணை மட்டும் தேதி தவறாமல் போனது.

ஒரு சனிக்கிழமை சர்வீஸ் சென்டரிலிருந்து போன் செய்தேன். "என்னங்க, இப்ப ஒரு ஓடிபி வரும். சொல்லுங்க." டி.வி. சத்தம் கேட்டது. கிரிக்கெட். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். பையன் கணினியில் தட்டினான். அவ்வளவுதான். இசை ஒன்றும் ஒலிக்கவில்லை. போனை வைக்கும்போது, "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றார்.

இப்போது அவர் முன்பைவிட அதிகமாகப் போன் செய்கிறார். "எங்க இருக்க?" என்று கேட்கிறார். சில நாள் சொல்கிறேன். சில நாள், "வந்துட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்கிறேன். இரண்டுமே உண்மை. எதைச் சொல்வது என்று நான் முடிவு செய்கிறேன்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால், சென்ற மாதம் மகள் லைசென்ஸ் எடுத்தாள். பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "ஃபிரண்ட் வீட்டுக்கு" என்றாள். ஏழு மணி ஆயிற்று. ஏழேகால். என் விரல் தானாகப் போய் ஆப்பைத் திறந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி. திருவான்மியூர் கடற்கரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஃபிரண்ட் வீடு மடிப்பாக்கத்தில்.

போன் செய்யப் போனேன். "திருவான்மியூர்ல என்ன வேலை?" என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அதே கேள்வி, அதே ராகம். என் குரலிலும் நிஜமான கவலைதான் இருந்திருக்கும்.

போனைச் சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு தோசை மாவைக் கரைத்தேன். எட்டு மணிக்கு வந்தாள். செருப்பில் மணல். அவளும் நான் பார்த்திருப்பேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அவசரம்னா மட்டும் பார்ப்பேன். இன்னைக்குப் பார்த்துட்டேன். இனிமே உன்னைக் கேக்காம பார்க்க மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அப்புறம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "சார்ஜ் இருபதுதான்மா இருக்கு, ப்ளக்ல மாட்டிட்டேன்" என்றாள்.