எட்டு மணி நேரம் எங்கிருந்து தொடங்கும்?

பிரிட்டனில் வயது வந்த ஆண் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதில் சட்டம் வெகுகாலம் தலையிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைச் சட்டங்கள் பெண்களையும் சிறுவர்களையும் பற்றித்தான் பேசின. ஆண் தன் நேரத்தை முதலாளியிடம் தானே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது லிபரல்களின் பழைய நம்பிக்கை. 1908இல் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் அதை உடைத்தது. நிலத்தடியில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1889இல் உருவான நாளிலிருந்து கேட்டுவந்த கோரிக்கை இது.

*

எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டால் போதாது. எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது?

காலையில் சுரங்க வாயிலில் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். இரும்புக் கூண்டு ஒரு தடவைக்குச் சிலரைத்தான் இறக்கும். பெரிய சுரங்கத்தில் ஒரு ஷிப்டு முழுவதும் இறங்கி முடிக்கவே நெடுநேரம் ஆகும். ஏறவும் அதே பாடு. ஷிப்டின் கடைசி ஆள் தரையை விட்டு இறங்கியதும் கணக்கு தொடங்கும், முதல் ஆள் மேலே வந்ததும் முடியும் என்றது சட்டம். ஆக, முதல் கூண்டில் இறங்கிக் கடைசிக் கூண்டில் ஏறியவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். சராசரித் தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்தோடு ஒரு முறை கூண்டு ஓடும் நேரமும் சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. இறங்கிய இடத்திலிருந்து கரி வெட்டும் இடத்துக்கு நடக்க வேண்டும். பழைய சுரங்கங்களில் அது ஒரு மைலுக்கும் மேல், பல இடங்களில் குனிந்தபடியே. அந்த நடை சட்டத்தின் எட்டு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆனால் கரி வெட்டுபவருக்குக் கூலி டன் கணக்கில். நடக்கும்போது ஒரு பென்னியும் சேராது. நேரத்தைச் சட்டம் ஒரு விதமாகவும் கூலிப் புத்தகம் வேறு விதமாகவும் அளந்தன. தொழில் தகராறுகளின் வேர் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

இந்தச் சட்டத்தை மிக நீண்ட காலம் எதிர்த்தவர்களில் சுரங்கத் தொழிலாளர்களின் சொந்த எம்.பி.க்களே இருந்தார்கள். தாமஸ் பர்ட், சார்லஸ் ஃபென்விக், ஜான் வில்சன்: மூவரும் சுரங்கத்தில் வேலை செய்து மேலே வந்தவர்கள், மூவரும் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் பக்கத்து ஆட்கள். அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அந்த இரண்டு மாவட்டங்களிலும் கரி வெட்டுபவர்கள் ஏற்கெனவே சுமார் ஏழு மணி நேரம்தான் கீழே இருந்தார்கள். வெட்டுபவர்கள் இரண்டு ஷிப்டு. வெட்டிய கரியைத் தள்ளிக்கொண்டுபோகும் சிறுவர்கள் ஒரே நீண்ட ஷிப்டு, பத்து மணி நேரம். அப்பாவின் குறைந்த நேரம் மகனின் கூடுதல் நேரத்தின் மேல் நின்றது. இதை எவ்வளவு பரிவோடு படித்தாலும் மனம் ஒப்பவில்லை.

சிறுவனுக்கும் எட்டு மணி நேரம்தான் என்று சட்டம் சொன்னதும் அந்த ஏற்பாடு குலைந்தது. டர்ஹாம் முதலாளிகள் மூன்று ஷிப்டு முறையைக் கொண்டுவந்தார்கள். சங்கத் தலைமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1910 ஜனவரியில் உறுப்பினர்கள் தலைவர்களை மீறி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

ஏன் இவ்வளவு கோபம்? வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். சுரங்க வாயிலில் குளியலறை கிடையாது. கரி அப்பிய உடம்போடு வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் வைத்த தகரத் தொட்டியில்தான் குளியல். தண்ணீர் தூக்குவது, சுடவைப்பது, முதுகு தேய்ப்பது, அழுக்குத் தண்ணீரை வெளியே ஊற்றுவது, ஈரத் துணியை அடுப்படியில் காயப்போடுவது எல்லாம் பெண்களின் வேலை. கணவன் ஒரு ஷிப்டு, மூத்த மகன் ஒரு ஷிப்டு, இளையவன் இன்னொரு ஷிப்டு, கூடவே வாடகைக்குத் தங்கியிருப்பவர் ஒருவர் என்றால், அந்த வீட்டில் இரவு பகல் எந்நேரமும் யாரோ ஒருவர் கிளம்புவார், யாரோ ஒருவர் வந்து சேர்வார். ஒவ்வொருவருக்கும் சூடான சோறு, சூடான தண்ணீர். அம்மா எப்போது தூங்குவாள்? ஆண்களின் நேரத்தைக் குறைத்த சட்டம் அவளுடைய நாளை இருபத்து நான்கு மணி நேரமாக நீட்டியது.

அதே ஜனவரியில் பொதுத்தேர்தலும் நடந்தது. அந்தப் பெண்களில் ஒருவருக்கும் அதில் ஓட்டு இல்லை.

*

சுரங்கத்துக்கு வெளியே, கடைச் சிப்பந்திகள்: 1911இல் சர்ச்சில் கொண்டுவந்த மசோதாவில் வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற உச்சவரம்பு இருந்தது. கடைக்காரர்களின் எதிர்ப்பில் அது போய்விட்டது. மிஞ்சியது வாரத்தில் ஒரு அரைநாள் விடுமுறை.

*

1919. போர் முடிந்து வீரர்கள் திரும்புகிறார்கள்; அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டுமானால் மற்றவர்களின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது கிளாஸ்கோ தொழிலாளர்களின் வாதம். பொறியியல் தொழிலில் 54 மணி நேர வாரம் 47ஆகக் குறைந்திருந்தது. குறைந்தும் ஏன் வேலைநிறுத்தம்? வேலைக்கு நடுவே இருந்த காலை உணவு இடைவேளையை அந்த ஒப்பந்தம் எடுத்துவிட்டது. 40 மணி நேரம் கேட்டு ஜனவரி 31 அன்று ஜார்ஜ் சதுக்கத்தில் கூடியவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. பிறகு நகருக்குள் ராணுவம் வந்தது. வேலைநிறுத்தத் தலைவர்களில் ஒருவரான இம்மானுவேல் ஷின்வெல்லுக்கு ஐந்து மாதச் சிறை.

அதே ஆண்டு வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று உடன்படிக்கை. பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி, வாரத்துக்கு 60. இந்தியா 1921இல் அதை ஏற்று ஒப்புதல் தந்தது. பிரிட்டன் கடைசிவரை ஒப்புதல் தரவே இல்லை. சென்னை மில் தொழிலாளியை லண்டனில் இருந்துகொண்டு ஆண்டவர்கள், தங்கள் நாட்டுக்கு எந்த அளவையும் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

*

சுரங்கத்துக்கு 1919இல் ஏழு மணி நேரம் கிடைத்தது. சுரங்கத் தொழிலை ஆராய அரசு அமைத்த சாங்கி கமிஷன், நிலைமை இடம் கொடுத்தால் 1921இல் ஆறாகவும் குறைக்கலாம் என்றது. ஆறு வரவில்லை. 1926இல் ஏழும் பறிபோனது.

அந்த ஆண்டுக் கதை எல்லோரும் அறிந்தது: மே மாதத்தில் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம், அது தோற்ற பிறகும் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் நவம்பர்வரை முதலாளிகளின் கதவடைப்பைத் தாங்கி நின்றது. கூலியில் ஒரு பென்னியும் குறையாது, நாளில் ஒரு நிமிடமும் கூடாது என்றார் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஏ.ஜே. குக். நான் குறித்துவைக்க விரும்புவது ஒன்றுதான். நேரத்தைக் கூட்ட வேண்டாம் என்று அரசே அமைத்த சாமுவேல் கமிஷன் சொல்லியிருந்தது. ஆட்கள் பட்டினியில் இருந்த ஜூலையில் பிரதமர் பால்ட்வினின் அரசு எட்டு மணி நேரத்துக்கு அனுமதி தந்து சட்டம் இயற்றியது.

ஆகஸ்டில் இன்னொரு சட்டம். நிலத்துக்கு அடியில் கரி இருந்த ஒரே காரணத்துக்காகப் பிரபுக்கள் வாங்கிவந்த ராயல்டியின்மீது பவுனுக்கு ஒரு ஷில்லிங் வரி; அந்தப் பணத்தில் சுரங்க வாயில்களில் குளியலறைகள். வேலை நேர வரலாறுகளில் இதைச் சேர்ப்பது அபூர்வம். சேர்க்கத்தான் வேண்டும். சுரங்கக் குடும்பத்துப் பெண்களின் வேலை நேரத்தைக் குறைத்தது எட்டு, ஏழு என்று போட்ட சட்டங்கள் அல்ல, இந்த ஒரு ஷில்லிங்தான்.