ஷிப்ட் விட்ட நேரத்துப் பசி

நெய்வேலியில் எங்கள் வீட்டுப் பசிக்கு ஒரு நேரம் இருந்தது. சுரங்கத்திலிருந்து வரும் மைன்ஸ் பஸ் எங்கள் குடியிருப்பு வட்டத்து முனையில் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் புறப்படும் சத்தம் கேட்டதும் அம்மா குழம்பைக் கிளறி ஒரு கொதி விடுவாள். அப்பா சட்டையெல்லாம் பழுப்புத் தூசியோடு நேரே கொல்லைப்பக்கம் போவார். அவர் கை கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றதென்றால் தட்டு வைக்கலாம். பசிக்கிறதா என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதாக நினைவில்லை. எல்லோருக்கும் ஒன்றாகத்தான் பசித்தது.

இப்போது சென்னையில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறேன். அறையில் ஏசி இருக்கிறது. தலைமாட்டை உயர்த்திக்கொள்ளும் கட்டில் இருக்கிறது. வேளாவேளைக்கு என் மனைவி வடிகட்டிய பருப்புத் தண்ணீர் கொண்டுவருகிறாள், மருந்து அளக்கும் சின்னக் கோப்பையில், முப்பது மில்லி. அதைக் கால் மணி நேரம் வைத்துக்கொண்டு, நாக்கை நனைத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நனைத்து, கோப்பையின் அடி தெரியும்போது மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும். பல்லுக்கு வேலையே இல்லை.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விட்டுவைக்கிறார்கள். எடுத்துவிடும் அந்த மேற்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது அது. சுரக்கும் இடமே போய்விடுவதால் பசி அடங்கும் என்று டாக்டர் சொன்னார். பொய்யில்லை. வயிற்றைக் கிள்ளும் பழைய பசி அநேகமாக இல்லை.

ஆனாலும் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறது உடம்பு. தண்ணீராகக் குடிப்பது இரைப்பையில் தங்குவதில்லை, சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் வயிறு காலியானதுபோல இருக்கும். அமிலம் சுரந்து கரகரப்பதும் பசி மாதிரியே தெரியும், அதற்கு மாத்திரை தருகிறார்கள். தாகம்கூடப் பசியின் குரலில் வரும், இரண்டு மிடறு தண்ணீரில் தணியும். இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. பக்கத்து ஃபிளாட்டில் கறிவேப்பிலை தாளிக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று எழுந்து உட்காருகிறதே, அதற்குத்தான் வழி தெரியவில்லை. அதற்கு வேண்டியது சோறுகூட இல்லை. யாராவது சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அம்மாவின் குரல். சமையலறையை விட்டு வெளியே வராமலே கூப்பிடுவாள், அது வாசல் தாண்டி, வேப்பமரத்தடி தாண்டி, அடுத்த வரிசை குவார்ட்டர்ஸில் விளையாடிக்கொண்டிருக்கும் என்னை வந்து பிடிக்கும். தட்டில் சோறு தீர்ந்த பிறகும் ஒரு கரண்டியோடு நிற்பாள். "இன்னும் ஒரு வாய் வாங்கிக்கடா." போதும் என்று கையை வைத்து மறைப்பேன், விரலிடுக்கில் ஊற்றிவிட்டுப் போவாள். அவள் போய் எத்தனையோ வருஷமாகிறது. இனி அந்தக் குரல் கேட்டாலும் ஒரு வாய் வாங்கிக்கொள்ள என் வயிற்றில் இடமில்லை என்று நினைக்கும்போது, அவள் இரண்டாவது முறை போய்விட்டது போல இருக்கிறது.

அடுப்பு. இந்த ஊரில் இதைச் சொன்னால் பலருக்குப் புரியாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கி, அழுத்தி, கரியாக்கி லெக்கோ என்ற பெயரில் வீட்டு எரிபொருளாக விற்றார்கள். லெக்கோ பற்ற நேரமாகும். விடியும் முன்பே அம்மா அடுப்பைக் கொல்லையில் வைத்து, வரட்டியைக் கிள்ளி அடியில் போட்டு, மண்ணெண்ணெய் கொஞ்சம் தெளித்து, லெக்கோவை ஒவ்வொன்றாக அடுக்கி விசிறுவாள். முதலில் வெறும் புகை. அது அடங்கி, கரியின் ஓரம் மட்டும் சிவக்கும். பிறகுதான் உள்ளே தூக்கி வருவாள். மேலே சாம்பல் பூத்துவிட்டாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் வைத்த கருவாட்டுக் குழம்பு மத்தியானம் வரை ஆறாது. அப்பா பக்கெட் வீல் இயந்திரம் ஓடும் சுரங்கத்தில் வேலை பார்த்தார், அங்கே வெட்டியெடுத்ததில்தான் எங்கள் சோறு வெந்தது. இங்கே இண்டக்‌ஷன் அடுப்பில் பருப்புத் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் சுட்டுவிடுகிறது. வாசனை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

முந்திரிக் காலமும் போனது. பங்குனி, சித்திரையில் சுற்றுப்புறத் தோப்புகளெல்லாம் முந்திரிப்பழ வாடைதான். பழத்தைக் கடித்தால் சாறு முழங்கைக்கு ஓடும், தொண்டை கமறும், சட்டையில் கறை பட்டால் போகவே போகாது. பச்சை முந்திரியை உரித்து அம்மா குருமா வைப்பாள். அடுத்து பண்ருட்டிப் பலா வந்துவிடும். மென்று மென்று தாடை வலித்த நாட்கள் அவை.

அப்பா ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியும்: நம் ஊர், ஆனால் அங்கே நம் வீடு இல்லை. நாங்கள் நட்ட முருங்கை இன்னொரு குடும்பத்துக்குக் காய்க்கிறது. 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தையும் 2020-இல் நிறுத்திவிட்டார்கள். போய்ப் பார்த்தால் எதைப் பார்ப்பது.

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். 1867 மே மாதம் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார் போனாலும் சோறு உண்டு. சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர் முகம்கூடத் தெரியாது, ஆனால் அவரும் நானும் ஒரே வரிசையில் ஒரே சூட்டில் சாப்பிட்டோம். பசியைப் பிணி என்றும் அதைத் தீர்ப்பதே பெரிய அறம் என்றும் சொன்னவர் வள்ளலார். சோறில்லாதவனின் பசி அது. அதோடு என்னுடையதை ஒப்பிட எனக்கு உரிமையில்லை, ஒப்பிடவும் மாட்டேன். ஆனால் பந்தியில் உட்கார இடமில்லாமல் போவதும் ஒரு துயரம்தான் என்று இந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

சர்க்கரையும் மூட்டுவலியும் மூச்சுத்திணறலும் துரத்தித்தான் இந்த முடிவுக்கு வந்தேன். முடிவு சரியானதே. சரியான முடிவுக்குப் பிறகும் ஒருவன் அழலாம். இதைத் தீனிப்பண்டாரத்தின் ஆசை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறந்த நாளிலிருந்து அன்பு என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில்தான் வந்தது. அந்தத் தட்டைப் பிடுங்கிய பிறகு மனம் தேடாமல் இருக்குமா?

நீங்களும் இப்போது இப்படி ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருக்கலாம். தாளிப்பு வாசனைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு இட்லித் துண்டு என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு. செய்துவிடும். உள்ளே தையல் இன்னும் ஆறவில்லை. கெட்டியான உணவை டாக்டர் சொல்லும் நாள் வரை தொடாதீர்கள். காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிற்றிலோ தோளிலோ கடும் வலி, நெஞ்சுப் படபடப்பு என்று எது வந்தாலும் பசி மயக்கம் என்று படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரவத்திலிருந்து மசித்த உணவுக்கும், பிறகு மெத்தென்ற சோற்றுக்கும் உடம்பு மெல்ல வந்துசேரும்.

உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்காகச் சமையலை ஒளிக்காதீர்கள், நாங்கள் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாகச் சாப்பிடாதீர்கள். ஒரு வாய் என்று வற்புறுத்தவும் வேண்டாம். தட்டு வைக்கும் நேரத்தில் எங்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறோம்.