அக்காவின் கிணறு

கந்தளாய்க்குப் போனால் அக்கா முதலில் தருவது கிணற்றுத் தண்ணீர்தான். அப்பா வெட்டுவித்த கிணறு. கண்ணாடி போலத் தெளிந்த நீர். "கொழும்பில இப்பிடிக் கிடைக்குமே தம்பி?" என்பார்.

1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, நீரிழிவாலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ வராத சிறுநீரக நோய் பற்றிப் பல செய்திகள் எழுதியவன் நான். அதன் மூலகாரணம் இன்னும் உறுதியாகவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் ஐயத்துக்குரியவற்றுள் அடங்கும். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மிகுந்தால் வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

இவ்வளவும் எழுதியவன் சொந்தக் கிணற்றைச் சோதிக்கவில்லை. அக்காவின் பேத்தி சிரித்தபோது முன்பற்களில் வெண்திட்டுகளைக் கண்ட பின்னரே போத்தலில் நீரை எடுத்தேன். அக்கா மறித்தார்.

"கூடாதெண்டு வந்தால் வேற தண்ணிக்கு எங்க போறது?"

ஆய்வுகூட அறிக்கையில் 2.1 என்றிருந்தது. அக்கா அன்று என்னோடு அதிகம் பேசவில்லை.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்குகிறார்கள். அது சிறு செலவல்ல. குளிக்கவும் தோட்டத்துக்கும் கிணறு இருக்கிறது. அக்காவின் கேள்வி நியாயமானதே. ஆயினும், விடை தெரியாது என்பதற்காகச் சோதிக்காமல் இருந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்தது அக்குழந்தையின் பற்கள்.

உங்கள் கிணற்றை எப்போது சோதித்தீர்கள்?