மெல்லச் சென்றவர்கள்

பயணம் என்றால் ஊர் போய்ச் சேர்வது என்பார் பலர். வழியையே வாழ்க்கையாக்கிக் கொண்ட ஒரு தம்பதியரைப் பற்றி நான் படித்ததை இங்கே நினைத்துப் பார்க்கிறேன்.

அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே 23 அன்று ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் வேனில் பாரிசிலிருந்து புறப்பட்டனர். மார்செய் நகரம் சுமார் 800 கிலோமீட்டர். விரைவுச் சாலையில் ஒரே நாளில் போய்விடலாம். அவர்கள் எடுத்துக்கொண்டதோ ஒரு முழு மாதம்!

வண்டி பழுதாகவில்லை. அவர்களே வகுத்துக்கொண்ட விதி அது: சாலையை விட்டு வெளியேறக் கூடாது, நாளுக்கு இரண்டு ஓய்விடங்களில் தங்க வேண்டும், இரண்டாவதில் இரவைக் கழிக்க வேண்டும். வேனே வீடு, மரநிழலே எழுதும் அறை. பிறர் சற்றே களைப்பாறும் இடங்களில் இவர்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பின்னர் வந்த செய்தி நெஞ்சை உலுக்கியது. ஜூன் 23இல் மார்செய் சேர்ந்தனர். அந்த நவம்பரிலேயே கரோல் மறைந்தார். இருவரும் சேர்ந்து தொடங்கிய பயண நூலைக் கணவர் தனியே முடித்தார். அது 1983இல் வெளிவந்தது. 1984 பிப்ரவரியில் அவரும் மறைந்தார்.

என் பெற்றோர் சேர்ந்து பயணம் போனதெல்லாம் கல்யாண வீட்டிற்கும் துக்க வீட்டிற்குமே. இரண்டிலும் திரும்பும் அவசரம். அவர்களை எண்ணும்போது இக்கதை எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

நண்பர்களே, விரைந்து போயிருந்தால் அத்தம்பதியருக்கு ஒரு பகற்பொழுது மட்டுமே கிடைத்திருக்கும். மெல்லச் சென்றதால் ஒரு மாதம் கிடைத்தது. வாழ்நாளின் நீளம் நம் கையில் இல்லை. உடன் வருபவரோடு எத்தனை மரநிழலில் அமர்வது என்பதோ நம் கையில்தான் இருக்கிறது.