செல்போனில் இருந்தது... கடையில் இல்லை!

2020 பிப்ரவரி. கொரோனா பயத்தில் தைவான் மக்கள் முகக்கவசத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஆளுக்கு வாரம் இரண்டு என்று மருந்துக்கடைகளில் விற்கச் சொன்னது அரசு.

எந்தக் கடையில் எத்தனை இருக்கிறது? அந்தக் கணக்கைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட வைத்தார், டிஜிட்டல் விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் ஆட்ரி டாங். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தானாகவே படித்தவர். அமைச்சராகும் முன்பு அரசுக்கு ஆலோசனை சொன்னவர். தன்னார்வலர்கள் அந்தக் கணக்கை வைத்து செல்போன் வரைபடங்கள் செய்து கொடுத்தார்கள்.

அங்கேதான் புதுச் சிக்கல். சில கடைகளில் காலையிலேயே டோக்கன் கொடுத்து முடித்துவிட்டார்கள். அட்டையைப் பதிவு செய்யும்வரை வரைபடமோ, 'இருப்பு உண்டு' என்றே காட்டியது. நம்பிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். திட்டு வாங்கியது கடைக்காரர்கள்!

அவர்களின் குறை டாங்கின் காதுக்குப் போனது. டோக்கன் தீர்ந்ததும் கடையை வரைபடத்திலிருந்து மறைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது.

கணினியில் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. வரிசையில் நிற்கிற பாட்டியின் கைக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால், அரசுக்கு யோசனை சொல்கிறவர் முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரைத்தான்.